கயிற்றில் ஆள் இருக்கும்போது

எல்லா ஆம்பளைகளும் பெண்டாட்டி கையில்தான் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கயிறு வெளியே தெரியாது, எனக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

என் பெயர் அம்மாசி. கிணறு வெட்டுகிறவன். நாமகிரிப்பேட்டைக்கும் ராசிபுரத்துக்கும் இடைப்பட்ட தோட்டங்களில், போர் போட்டுப் போட்டுக் கை சுட்டுக்கொண்டவர்கள் கடைசியில் பழைய கிணற்றையே இன்னும் ஆழப்படுத்தலாம் என்ற முடிவுக்கு வரும்போது எங்களைக் கூப்பிடுவார்கள். கிணற்று மேட்டில் எங்கள் கிரேனைக் கொண்டுபோய் நிறுத்துவோம். கிரேன் என்றதும் மேம்பாலம் கட்டுகிற ராட்சச வண்டியை நினைத்துவிட வேண்டாம். ஒரு டீசல் இன்ஜின், கம்பிக்கயிறு சுற்றிய ஓர் உருளை, கிணற்றின் மேலே நீண்டிருக்கும் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் தொங்கும் ஒரு பக்கெட். உடைத்த பாறையும் சேறும் அந்தப் பக்கெட்டில்தான் மேலே வரும். நாங்கள் இறங்குவதும் ஏறுவதும் அதே பக்கெட்டில்தான்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று, கையில் கிளட்ச் லீவரையும் வலது காலில் பிரேக்கையும் பிடித்திருப்பவள் என் மனைவி பொன்னாயி. உருளை சுழலாமல் இருக்க லாக் ஒன்று உண்டு. அது வெறும் பக்கெட்டுக்கு. ஆள் தொங்கும்போது லாக்கை நம்பி யாரும் காலை எடுக்கமாட்டார்கள். அவள் கால் வழுக்கினால் நான் இல்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, வேலையே அப்படிப்பட்டது.

அதனால் எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கயிற்றில் ஆள் இருக்கும்போது கிரேன் பிடிக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பேரைக் கேட்டால் யாருக்கும் தலை தானாகத் திரும்பும். தலை திரும்பினால் கால் தளரும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கிரேனுக்கு எதிரே போய்க் கண்ணில் படுகிற மாதிரி நின்று, பக்கெட் தரையைத் தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும். தோட்டக்காரர், தாசில்தார், மாமியார் என்று ஆள் பார்த்து மாறுகிற சட்டமில்லை இது.

இந்தக் கட்டுப்பாட்டின் அருமையை என் இடது காலைக் கேட்டால் சொல்லும். முன்பு எங்களுக்கு ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கிரேன் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் ஊரெல்லாம் சிநேகம். ஒரு நாள் நான் இறங்கிக்கொண்டிருக்கும்போது ரோட்டில் மொபெட்டில் போன யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, டீ குடிக்க வருகிறாயா என்று கேட்டுவிட்டான். அவர் திரும்பி, "வாரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை முடிவதற்குள் நான் கிணற்றின் அடியில் கிடந்தேன். கீழே தண்ணீர் கொஞ்சம் இருந்ததால் கால் மட்டும் முறிந்தது.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது பொன்னாயி கட்டிலின் அருகே வந்து நின்று, "இனிமே உங்களை நானே புடிச்சுக்கறேன்" என்றாள். நான் சிரித்தேன். அதுவரை அவள் மேலே நின்று, பக்கெட்டில் வருகிற கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தவள். மொபெட் கூட ஓட்டத் தெரியாது. அவள் சிரிக்கவில்லை. நான் நொண்டிக்கொண்டு எழுந்து வருவதற்குள் வெறும் பக்கெட்டை இறக்கி ஏற்றிப் பழகியிருந்தாள். பிறகு என் எடைக்குக் கல்லை நிரப்பிப் பழகினாள். அதற்கும் பிறகு அந்தக் கற்களின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, அது சிந்தாமல் கிணற்றின் அடிவரை இறக்கி மேலே கொண்டுவரப் பழகினாள். சொம்பு வைத்தது வைத்தபடி நிறைந்து வந்த அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து, "இப்ப ஏறுங்க" என்றாள்.

வேலை ஆரம்பித்தால் அவளுக்கென்று சில ஏற்பாடுகள். செருப்பைக் கழற்றிவிடுவாள். வெறுங்காலில்தான் பிரேக் பேசுமாம். வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, போனை டிபன் கேரியருக்குள் போட்டு மூடி வைப்பாள். கண் கயிற்றை விட்டு நகராது. உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டே இருக்கும். என்னோடு கிணற்றில் இறங்குகிற மாதேஸ்வரன் நெடுநாளாக அவள் சாமி கும்பிடுகிறாள் என்றே நினைத்திருந்தான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டான்.

"அக்கா, எந்தச் சாமிய நெனைச்சுட்டு எங்களை எறக்கறீங்க?"

"சாமியெல்லாம் காலையிலயே கும்பிட்டாச்சு. கயிறு, கயிறுன்னு சொல்லிட்டிருப்பேன். இல்லீனா மனசு ஊட்டுக்குப் போயிருது" என்றாள்.

மாதேஸ்வரனுக்கு முகம் கறுத்துவிட்டது. தன் உயிருக்குக் காவலாக ஏதோ பெரிய மந்திரம் ஓடுகிறது என்று நம்பியிருந்தான் பாவம்.

என் சுபாவம் வேறு. எனக்கு நினைத்தது நினைத்தவுடன் நடக்க வேண்டும். பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் டிரைவரோடு சண்டைக்கு நிற்பேன். இவள் பக்கெட்டோ என்றைக்கும் ஒரே வேகம். மழை தூறினாலும் அதே வேகம், எனக்குப் பசி உயிர் போனாலும் அதே வேகம். கீழேயிருந்து, "ஏம்புள்ள, ஊர்வலமா நடத்தற, சீக்கிரம் தூக்கு" என்று கத்துவேன். அவள் காதில் விழும், கைக்குப் போகாது. மேலே வந்த பிறகு மற்றவர்கள் முன்னால் நான் எகிறினால், ஒரு சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

இப்படிச் சொல்வதால் அவள் எந்நேரமும் விழிப்பாகவே இருப்பவள் என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டில் அவள் வைக்கிற குழம்பு வாரத்தில் ஒரு நாளாவது அடிப்பிடிக்கும். கடைக்குச் சர்க்கரை வாங்கப் போய்ச் சீரகத்தோடு வருவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ பார்த்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க?" என்பாள். கேட்டால், நாள் பூராவும் கட்டி வைத்த மாட்டைச் சாயங்காலமாவது அவிழ்த்து விடவேண்டாமா என்று நியாயம் பேசுவாள். தீய்ந்த குழம்பை வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவேன். காலையில் மறுபடி அவள் கயிற்றில் தொங்க வேண்டியவன் அல்லவா நான்.

ஓர் ஆடி மாதம் சேலத்துக்குப் பொருட்காட்சி பார்க்கப் போயிருந்தோம். எங்கள் மகள் இலக்கியா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கப்பல் மாதிரி இருக்குமே, முன்னும் பின்னும் ஆடி ஆடி உச்சிக்குப் போகுமே, அந்த ஊஞ்சலில் ஏறியே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டாள். தினமும் கிணற்றில் தொங்குகிற எனக்கு இது எம்மாத்திரம் என்று ஏறினேன். இரண்டாவது ஆட்டத்திலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த அத்தனை மாரியம்மனையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். கப்பல் முழுக்கக் கூச்சல். பொன்னாயியிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. மயங்கிவிட்டாளோ என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்திருப்பவள் போல அப்படியொரு கவனம்.

இறங்கியதும் மகள், "பயமா இல்லையாம்மா?" என்றாள்.

"பயமாத்தான் இருந்துச்சு. மொதல்ல வவுத்துல ஜில்லுனு வருது. அப்பறம் நெஞ்சுக்கு ஏறுது. உச்சிக்குப் போனதும் பாரு, ஒண்ணுமே இல்ல. ஒடம்பே இல்லாத மாதிரி ஒரு நிமுசம். அது என்னன்னு பாக்கறதுக்குள்ள எறங்கீருச்சு. இன்னொருக்கா போலாமா? இப்ப நல்லாப் பாத்துக்கறேன்."

எனக்குக் குடல் வாய்க்கு வந்துகொண்டிருந்தது. இவள் இன்னொரு முறை ஏறிப் பயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டுமாம். என்ன பெண்பிள்ளை இவள் என்று எரிச்சலாக இருந்தது. தாயும் மகளும் மறுபடி ஏறினார்கள். நான் கீழே நின்று டெல்லி அப்பளம் தின்றேன்.

பிறகு இலக்கியா கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வேலைச் சுமையில் பிள்ளைகள் நொந்துபோகக்கூடாது என்று தியான வகுப்பு வைக்கிறார்கள் போலிருக்கிறது. பொங்கலுக்கு வந்தவள் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மூச்சு வருவதையும் போவதையும் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என் குறட்டையை மற்றவர்கள் பார்த்தார்கள்.

"மனசு எங்கயாச்சும் போயிருச்சுன்னா திட்டக்கூடாதும்மா. போயிருச்சுன்னு தெரிஞ்சதும் மெதுவாத் திருப்பிக் கூட்டிட்டு வந்து மறுபடி மூச்சுல விட்டறணும். அவ்வளவுதான் பயிற்சி" என்றாள் மகள்.

பொன்னாயி இதைக் கொஞ்சம் யோசித்தாள். "திருப்பிக் கூட்டியாரது செரிதான் சாமி. நானுந்தான் கூட்டியாரேன். ஆனா கண்ணை மூடச் சொல்றயே, நான் கண்ணை மூடுனா உங்கொப்பன் என்ன ஆகறது?"

இலக்கியா விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம், "இன்னைக்கு எத்தன தடவைம்மா கூட்டிட்டு வந்த?" என்று கேட்பாள். இவளும், இன்றைக்குக் கோழிக்கறி நினைப்பு வந்தது, இன்றைக்கு உங்கப்பன் மேல் கோபம் வந்தது, இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று கணக்குச் சொல்லுவாள்.

போன பங்குனியில் ஈஸ்வர் என்கிற பையனின் தோட்டத்தில் வேலை. பையன் என்று சொல்வது எங்கள் வயதுக்கு. அவனுக்கு முப்பத்தைந்து இருக்கும். கிணற்றின் ஒரு பக்கம் மரவள்ளி நெருக்கமாக நின்றது. அந்தப் பக்கம் கிரேனை நிறுத்தினால் பயிர் நசுங்கும் என்று ஈஸ்வர் தயங்கினான். மறுபக்கம் பெரிய புளியமரம். அதன் அடியில் நிறுத்தினோம், நிழலுக்கு நிழலும் ஆயிற்று. முதல் நாளே பொன்னாயி அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல தேன் இருக்குதுங்க" என்றாள். உச்சிக் கிளையில் மலைத்தேனீ கூடு ஒன்று முறம் அகலத்துக்குக் கறுப்பாகத் தொங்கியது. "அது பாட்டுக்கு இருக்குதுக்கா, ஒண்ணும் பண்ணாது" என்றான் ஈஸ்வர். அது பாட்டுக்குத்தான் இருந்தது. வேலை பாதிக்குமேல் முடியும்வரை ஒரு பூச்சி கூட எங்களைச் சீண்டவில்லை. இன்ஜின் புகையைக் காற்று வயல் பக்கம் கொண்டுபோய்விடும்.

அன்றைக்குக் காற்று நின்றுபோயிருந்தது. புளிய இலைகூட அசையவில்லை. உச்சி வெயிலில் வெடி வைக்கிற வேலை. பாறையில் குழி போட்டு மருந்து வைத்து முடிந்ததும் மாதேஸ்வரன் முதலில் மேலே போய்விடுவான். சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு தடத்தில் நின்று, ஆள் வராமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஈஸ்வர் வீட்டாட்களை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போயிருந்தான். திரியைப் பற்றவைத்துவிட்டுக் கடைசியாக ஏறுவது நான். கிணற்று மேட்டில் பொன்னாயி மட்டும் நிற்பாள். நான் மேலே வந்ததும் இருவரும் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். திரியை எப்போதும் தாராளமாகவே வெட்டுவேன். நாங்கள் ஓடிய வழக்கமில்லை, நடந்துதான் போவோம்.

திரி பற்றிக்கொண்டது. பக்கெட்டில் ஏறிக் குரல் கொடுத்தேன். மேலே இன்ஜின் உறுமியது. பக்கெட் எழும்பியது.

பாதிக் கிணறு வந்திருப்பேன். மேலேயிருந்து மாதேஸ்வரனின் குரல் கேட்டது. "பொன்னாயக்கா, பொன்னாயக்கா" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். அடுத்து ஈஸ்வரின் குரல், அதுவும் அவள் பேரைச் சொல்லித்தான். இத்தனை வருடத்தில், நான் கயிற்றில் இருக்கும்போது அவள் பேர் என் காதில் விழுந்ததே இல்லை. கட்டுப்பாடு தெரிந்த மாதேஸ்வரனே கூப்பிடுகிறான் என்றால் மேலே என்ன நடக்கிறது?

பக்கெட் நின்றது.

கீழே பார்த்தேன். திரியின் புகை மெல்லிய நூலாக என்னை நோக்கி ஏறிவந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தேன். வட்டமாக வானம், குறுக்கே இரும்புக் கை, அவ்வளவுதான். இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, கயிறு அசையவில்லை. அவளைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லாரும் கூப்பிட்டு அவள் திரும்பாமல் இருந்திருக்கலாம், நான் கூப்பிட்டால் திரும்பிவிடுவாள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ பேரை இதற்காகத் திட்டித் தீர்த்தவன், எனக்கென்று வரும்போது மட்டும் மீறலாமா.

செய்ய ஒன்றுமில்லாமல் எதிரே இருந்த கிணற்றுச் சுவரைப் பார்த்தேன். பாறை இடுக்கில் ஒரு சின்னச் செடி முளைத்திருந்தது. அதன் அடியில் தண்ணீர் கசிந்து, சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. அந்தச் சொட்டு விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொட்டு விழுந்தது. பக்கெட் நகர்ந்தது.

அதே வேகம். சத்தியமாகச் சொல்கிறேன், அதே வேகம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொம்புத் தண்ணீர் இருந்திருந்தால் சிந்தியிருக்காது. 'அட சனியனே, இப்பவாவது வேகமாத் தூக்கேன்' என்று மனதுக்குள் அவளை அத்தனை வசவும் வைதேன். வசவு ஓயும் முன்பே இரண்டு மூன்று பூச்சிகள் வந்து என் தலையில் கொட்டின. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

மேட்டுக்கு மேலே வந்தபோது நான் பார்த்ததை இப்போது நினைத்தாலும் சோறு இறங்காது. பொன்னாயியின் முகம் தெரியவில்லை. கழுத்து, தோள், லீவர் பிடித்த கை எல்லாம் கறுப்பாக ஏதோ போர்த்திய மாதிரி, அந்தப் போர்வை நெளிகிறது. புகை நேராகக் கூட்டுக்குப் போய், மொத்தக் கூடும் அவள் மேல் இறங்கியிருக்கிறது. அவள் அசையவில்லை. இரும்புக் கையை மெதுவாகத் திருப்பி, பக்கெட்டை எப்போதும் வைக்கிற இடத்தில் தரையோடு தரையாக வைத்தாள். நான் குதித்தேன். அவள் உருளைக்கு லாக் போட்டாள், இன்ஜினை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் காலை பிரேக்கிலிருந்து எடுத்தாள். எடுத்தவுடன் அப்படியே சரிந்தாள்.

அவளை அள்ளிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினேன். தடத்திலிருந்து படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்த மாதேஸ்வரனும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான். சாத்திய கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள் வெடி வெடித்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. வெளியே கல்லும் மண்ணும் விழுந்து ஓய்ந்து, புழுதி எழும்பிய பிறகுதான் தேனீக்கள் கலைந்தன. மாதேஸ்வரன் அவள் முகத்திலிருந்து பூச்சிகளைத் தட்டித் தட்டி அழுதான். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டண்ணா, என்னையறியாம கூப்பிட்டுட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆம்புலன்ஸ் வந்து ராசிபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சின்னப் பெண், இலக்கியா வயதுதான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். குளுக்கோஸ், ஊசி, மூக்கில் காற்று. இவ்வளவு விஷம் ஏறினால் என்ன வேண்டுமானாலும் ஆகலாம், நாளைக் காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் வராந்தாவில் நின்று யார் யாரையோ திட்டினேன். காற்றைத் திட்டினேன், புளியமரத்தைத் திட்டினேன், என் அவசரத்தையும் திட்டினேன். பிறகு அழுதுவிட்டேன். எனக்கு இதில் வெட்கமெல்லாம் கிடையாது.

நர்ஸ் வெளியே வந்து, "இவங்களுக்கு வலது கால்ல ஏற்கனவே ஏதாச்சும் பிரச்சனை இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாதம் வெறைச்சுப்போயி இருக்குது. நீவி விட்டாலும் தளர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். இருக்கிற கவலையில் அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

விடிந்தது. நாடி நன்றாக இருக்கிறது, இனிப் பயமில்லை என்றார் டாக்டரம்மா. கோயமுத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து இலக்கியா வந்து சேர்ந்திருந்தாள். உள்ளே போனோம். பொன்னாயியின் முகம் ஊதிப்போய், கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுதான் இருந்தது. ஆனால் நினைவு இருந்தது. மருந்தின் அசதியில் பேச்சு மெதுவாக வந்தது.

"ஏம்புள்ள, அப்ப வலிக்கலையா உனக்கு?" என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"வலிக்காம இருக்குமுங்களா? ஒவ்வொண்ணுந் தெரிஞ்சுது. காதுக்குள்ள ஒண்ணு போச்சு பாருங்க, அதுதான் தாங்க முடியல."

"அப்பறம் எப்படிப் புடிச்ச?"

"கயிறுந்தான தெரிஞ்சுது" என்றாள்.

இலக்கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல நின்னுட்டியாமே. அப்பா சொன்னாங்க. ஏம்மா?"

"மனசு போயிருச்சு சாமி. உட்டுட்டு ஓடீர்லாம்னு போயிருச்சு. அந்தப் பையனுக பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப ரொம்பத் தூரம் போயிருச்சு. காலு மட்டும் அங்கயே இருந்துச்சு. அப்பறம் நீ சொன்னாப்பல திட்டாமத் திருப்பிக் கூட்டியாந்தேன்."

மகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

பொன்னாயிக்குக் கண் சொருகியது. தூங்குகிறாள் என்று நினைத்து அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று என் நாக்கு நுனிவரை வந்து நின்றுபோன பேர் இன்னும் அங்கேயே இருந்தது. யாருமில்லாத அந்த நேரத்தில் மெதுவாக, "பொன்னாயி" என்று கூப்பிட்டேன்.

நேற்று இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்தியும் திரும்பாத தலை, சட்டென்று என் பக்கம் திரும்பியது. மூடிய கண்ணோடு, தூக்கமும் விழிப்புமாக, "எறங்கீட்டீங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு, "எறங்கீட்டேன் புள்ள" என்றேன்.

போர்வைக்கு வெளியே நீண்டு, அதுவரை கட்டிலின் கம்பியை அழுத்திக்கொண்டிருந்த அவளுடைய வலது பாதம் அப்போதுதான் தளர்ந்தது.